விரல்பலகைக்கு எந்த மரம்? ஜாக்கோ பாஸ்டோரியஸின் வாழ்க்கை

பேஸ் கிட்டார் வாங்க நினைப்பவர் முதலில் நிறத்தைப் பார்ப்பார். அடுத்து விலையைப் பார்ப்பார். கடைசியில்தான் அந்தக் கேள்வி வரும்: விரல்பலகை எந்த மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும்? மேப்பிளா, ஈட்டியா, கருங்காலியா?

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர் இசைக்குழு ஒன்றில் பேஸ் வாசிக்கிறேன். குழுவில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் மரங்களைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. ஒரு மனிதரின் கதையையும் சேர்த்தே சொல்வேன். அவர் பெயர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். 35 வயதில் மறைந்தவர். மின் பேஸ் கிட்டாரின் வரலாற்றை அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் மரத்தைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைக்கும். அதைவிட முக்கியமான வேறொன்றும் தெரியவரும்.

கை முறிந்த டிரம்ஸ் கலைஞர்

ஜாக்கோ 1951ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள நாரிஸ்டவுனில் பிறந்தார். முழுப் பெயர் ஜான் ஃபிரான்சிஸ் அந்தோணி பாஸ்டோரியஸ். தந்தை பாடகர், டிரம்ஸும் வாசிப்பார். ஜாக்கோ சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஃபுளோரிடா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து, ஃபோர்ட் லாடர்டேலுக்கு அருகே ஓக்லண்ட் பார்க்கில் தங்கியது.

தந்தையைப் போலவே மகனும் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினார். விளையாட்டிலும் துடிப்பானவர். ஜாக்கோ என்ற செல்லப் பெயரே ஒரு பேஸ்பால் நடுவரின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் 13 வயதில், அமெரிக்கக் காற்பந்து விளையாடும்போது மணிக்கட்டில் பலத்த காயம் பட்டது. அறுவை சிகிச்சை செய்தும் கை பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. டிரம்ஸை ஓங்கி அடிப்பது கடினமானது.

அப்போது அவர் உள்ளூர் இசைக்குழு ஒன்றில் வாசித்துவந்தார். அதில் பேஸ் வாசித்தவர் விலகினார். அவரைவிட வலுவாக டிரம்ஸ் வாசிக்கும் ஒருவரும் குழுவுக்குக் கிடைத்தார். ஜாக்கோ பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தார். அவர் வாசித்த பேஸில் தாளம் அவ்வளவு துல்லியமாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கருவி மாறினாலும், உள்ளே இருந்த டிரம்ஸ் கலைஞர் எங்கும் போய்விடவில்லை.

ஈரக்காற்றில் வெடித்த மரம்

மின் பேஸோடு அவர் நின்றுவிடவில்லை. ஜாஸ் இசையில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மர பேஸின் ஆழமான ஒலி அவரை ஈர்த்தது. பணம் சேர்த்து ஒன்றை வாங்கினார். ஃபுளோரிடா கடலோர மாநிலம். அங்கே காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். ஈரம் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த பெரிய கருவி இந்த இழுபறியைத் தாங்காது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தபோது அவருடைய பேஸ் வெடித்துக் கிடந்தது.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இது நன்றாகப் புரியும். நம் வீடுகளிலும் மழைக்காலத்தில் கதவு இறுகும். அலமாரியில் வைத்த கிட்டாரின் தண்டு லேசாக வளையும். மரக்கருவி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஈரப்பதத்தோடு போராடுபவர்கள்தான்.

வெடித்த பேஸைக் கொடுத்துவிட்டு, ஜாக்கோ 1962ஆம் ஆண்டில் தயாரான ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றை வாங்கினார். இது கெட்டியான மரக்கட்டையால் ஆன மின் கருவி, எளிதில் வெடிக்காது. ஆனால் அவர் தேடிய ஒலி இதில் இல்லை. காரணம், விரல்பலகையில் வரிசையாகப் பதித்திருந்த உலோக மெட்டுகள்.

மெட்டு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று

இங்கே சற்று நின்று, மரத்தின் வேலை என்ன என்று பார்ப்போம்.

வீணையைப் பார்த்திருப்பீர்கள். அதன் தண்டியின் மேல் மெழுகில் பதித்த மெட்டுகள் இருக்கும். கிட்டாரிலும் அப்படித்தான்; மெழுகுக்குப் பதிலாக மரத்தில் நேரடியாகப் பள்ளம் வெட்டி உலோகத்தைப் பொருத்தியிருப்பார்கள். விரலால் கம்பியை அழுத்தும்போது கம்பி மெட்டின் மேல் அமரும். அதாவது, அதிரும் கம்பியின் ஒரு முனை உலோகத்தில் முடிகிறது. மரத்தைக் கம்பி நேரடியாகச் சார்ந்திருப்பதில்லை. அதனால், மெட்டுள்ள பேஸில் விரல்பலகை எந்த மரம் என்பது ஒலியைவிடத் தொடுவதற்கு எப்படி இருக்கிறது, எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைத்தான் பெரிதும் தீர்மானிக்கும். ஒலி எவ்வளவு மாறும் என்பதில் கலைஞர்களிடையே இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை.

மெட்டுகளை எடுத்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். கம்பியின் முனை இப்போது நேராக மரத்தில் முடிகிறது. மரம் மென்மையாக இருந்தால் அதிர்வின் கூர்மையை அது விழுங்கிவிடும். கடினமாக இருந்தால் ஒலி தெளிவாக வெளிவந்து நீண்ட நேரம் நிற்கும். வயலினுக்கு மெட்டு இல்லை. அதன் விரல்பலகைக்குக் கடினமும் அடர்த்தியும் மிக்க கருங்காலியைக் காலம்காலமாகப் பயன்படுத்திவருவது இதனால்தான். கர்நாடக இசையில் வயலின் கலைஞரின் விரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வழுக்கலுக்கு இடம் தருவது மெட்டில்லாத பலகைதான்.

ஜாக்கோவின் பேஸில் இருந்தது ஈட்டி இன மரம். ஃபெண்டர் நிறுவனம் 1951ல் தன் முதல் பேஸ் கிட்டாரை வெளியிட்டபோது அதன் தண்டு முழுவதும் மேப்பிளால் ஆனது. மேப்பிள் வெளிர் நிறம் கொண்டது. மேலே மெருகு பூச வேண்டும். வாசிக்க வாசிக்க மெருகு தேய்ந்து, அழுக்கு படிந்ததுபோல் தோற்றமளிக்கும். 1950களின் இறுதியில் அந்நிறுவனம் ஈட்டிப் பலகைக்கு மாறியது. ஈட்டி கருநிறமானது. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் மெருகு பூசத் தேவையில்லை. 1960ல் வந்த ஜாஸ் பேஸ் தொடக்கத்திலிருந்தே ஈட்டிப் பலகையோடுதான் வெளிவந்தது.

படகுப் பூச்சு

மெட்டுகள் எப்படி நீங்கின என்பதைப் பற்றி ஜாக்கோவே வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். கதை சொல்வதில் அவருக்கு அவ்வளவு விருப்பம். ஆனால் அதன் பிறகு செய்தது என்ன என்பதில் குழப்பமில்லை. மெட்டுகள் இருந்த பள்ளங்களை மர நிரப்பியால் அடைத்தார். அடைத்த கோடுகள் கண்ணுக்குத் தெரிந்ததால், எந்தச் சுரம் எங்கே என்பதற்கு அவை வழிகாட்டின.

அடுத்து ஒரு சிக்கல். அவருக்குப் பிடித்தது உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகள். நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி நெருக்கமாக இன்னொரு மெல்லிய கம்பி. அதன் மேற்பரப்பு அரம்போல வரிவரியாக இருக்கும். ஒலி பளிச்சென்று இருக்கும். ஆனால், மெட்டில்லாத மரத்தின் மேல் அதை அழுத்தி அசைத்தால் மரத்தை அராவிவிடும். தட்டைக் கம்பி சுற்றிய தந்தியைப் போட்டால் மரம் தப்பும். ஒலியில் பளிச்சென்ற தன்மை போய்விடும். ஒன்று மரம், இல்லையென்றால் ஒலி.

இரண்டையும் விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. ஃபோர்ட் லாடர்டேல் கால்வாய்களும் படகுகளும் நிறைந்த ஊர். படகுகளுக்குப் பூசும் எப்பாக்சி அங்கே எளிதில் கிடைக்கும். அதை வாங்கி விரல்பலகையின் மேல் பூசினார். பூச்சு காய்ந்ததும் பலகையின் மேல் கண்ணாடிபோல் கடினமான ஒரு தோல் உருவானது. தந்தி இனி மரத்தைத் தின்னாது. ஈரமும் எளிதில் உள்ளே புகாது.

பாதுகாப்புக்காகச் செய்த வேலை ஒலியையும் மாற்றியது. கம்பியின் முனை இப்போது மரத்தில் முடியவில்லை. கடினமான அந்தத் தோலில் முடிந்தது. ஒலி பாடத் தொடங்கியது. ஒவ்வொரு சுரமும் தொடங்கியதும் அடங்கிவிடாமல், மெல்ல விரிந்து மனிதக் குரல்போல நீண்டது. கருவியின் பின்பக்க ஒலிவாங்கியைக் கூட்டி வைத்து, தந்தியை அதற்கு நெருக்கமாக மீட்டினார். ஜாக்கோவின் ஒலி என்று உலகம் பின்னாளில் அடையாளம் கண்டது இதைத்தான்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். எந்த மரம் சிறந்தது என்று கேட்டுக்கொண்டு அவர் கடை கடையாக ஏறி இறங்கவில்லை. எனக்கு என்ன ஒலி வேண்டும், அதற்கு எது தடையாக இருக்கிறது என்று கேட்டார். விடை மரக்கடையில் இல்லாமல் படகுக்கடையில் இருந்தது.

உலகம் திரும்பிப் பார்த்தது

கருவி கையில் வந்ததும் எல்லாம் கைகூடிவிடவில்லை. இருபது வயதுக்குள் திருமணமும் குழந்தையும் ஆகிவிட்ட இளைஞர், கிடைத்த இடத்தில் எல்லாம் வாசித்தார். உல்லாசக் கப்பல்களில் வாசித்தார். 1972ல் வெய்ன் காக்ரன் என்ற பாடகரின் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். சில காலம் மயாமி பல்கலைக்கழகத்தில் பேஸ் கற்றுக்கொடுத்தார். அங்கேதான் பேட் மெத்தினி என்ற இளம் கிட்டார் கலைஞர் அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து வாசித்த மெத்தினியின் முதல் இசைத்தொகுப்பு 1976ல் வெளியானது.

அதே 1976ல் ஜாக்கோவின் சொந்தத் தொகுப்பும் வந்தது. அதன் முதல் உருப்படி டோனா லீ. அதிவேக ஜாஸ் மெட்டான அதைச் சாக்ஸஃபோன் கலைஞர்கள் வாசிப்பதே பெரிய விஷயம். ஜாக்கோ அதைப் பேஸில் வாசித்தார். துணைக்கு இருந்தது காங்கா மத்தளம் மட்டுமே. அதே தொகுப்பில், மனைவி டிரேசியின் பெயரில் அமைந்த இன்னொரு உருப்படியில், தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் மணியோசை போன்ற சுரங்களையே கோத்து ஒரு முழுப் பாடலை உருவாக்கினார். பின்னால் நின்று தாளத்தைத் தாங்கும் கருவி என்று நினைத்திருந்த பேஸ், முன்னால் வந்து பாடியது.

வெதர் ரிப்போர்ட் என்ற புகழ்பெற்ற குழுவை நடத்தியவர்களில் ஒருவர் ஜோ சாவினுல். ஆஸ்திரியாவில் பிறந்தவர். மயாமியில் ஒரு நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த அவரிடம், உலகத்தின் தலைசிறந்த பேஸ் கலைஞர் தான்தான் என்று ஜாக்கோ அறிமுகப்படுத்திக்கொண்டார். சாவினுல் அவரை விரட்டத்தான் பார்த்தார். இளைஞர் விடவில்லை, தன் ஒலிப்பதிவை அனுப்பினார். அதைக் கேட்ட சாவினுல் அது மர பேஸின் ஒலி என்று நினைத்து, மின் பேஸும் வாசிப்பாயா என்று கேட்டாராம். எப்பாக்சி பூசிய அந்த ஈட்டிப் பலகைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

1976ல் ஜாக்கோ அந்தக் குழுவில் சேர்ந்தார். 1977ல் வெளியான ஹெவி வெதர் தொகுப்பு பெரும் வெற்றி பெற்றது. அதில் அவர் எழுதிய டீன் டவுன் என்ற உருப்படியில் பேஸோடு டிரம்ஸும் அவரே வாசித்தார். கை முறிந்த சிறுவன் மீண்டும் டிரம்ஸின் முன் அமர்ந்தான். பாடகி ஜோனி மிட்சலின் தொகுப்புகளிலும் அவருடைய பேஸ் இன்னொரு குரலாகக் கூடவே பாடியது.

யாரும் பூசாத பூச்சு

இனி வரும் பகுதியைச் சொல்வது எளிதல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

இளமையில் மதுவையும் போதைப்பொருளையும் தொடாமல் இருந்த ஜாக்கோ, புகழ் வந்த பிறகு அவற்றை நாடத் தொடங்கினார். கூடவே அவருடைய மனநிலை ஏறி இறங்கியது. சில நாள்கள் தூக்கமே இல்லாமல், அடங்காத வேகத்தோடு இருப்பார். பிறகு இருளில் விழுவார். 1981ல் பெரிய இசைக்குழுவோடு வேர்ட் ஆஃப் மவுத் என்ற அருமையான தொகுப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வெதர் ரிப்போர்ட்டை விட்டு விலகினார். இருமுனை மனநோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். உற்சாகத்தின் உச்சத்திற்கும் சோர்வின் ஆழத்திற்கும் மாறி மாறி இழுத்துச்செல்லும் நோய் அது. மருந்தாலும் தொடர் கவனிப்பாலும் கட்டுப்படுத்தக்கூடியது.

ஆனால் அவருடைய குறும்பும் அடாவடியும் ஊரறிந்தவை. அதனால், நோய் முற்றிய காலத்திலும் பலர் அதை அவருடைய இயல்பு என்றே எடுத்துக்கொண்டனர். மேதை அப்படித்தான் இருப்பான் என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. 1980களின் நடுவில் அவர் நியூயார்க்கில் தங்க இடமின்றிப் பூங்காக்களில் சுற்றினார். 1986ல் பெல்வியூ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு, அவர் வாழ்நாளெல்லாம் வாசித்த அந்த 1962ஆம் ஆண்டு பேஸ் பூங்காவில் திருட்டுப்போனது.

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, சொந்த ஊர்ப்பக்கம் திரும்பியிருந்த அவர் ஓர் இசை நிகழ்ச்சியின் மேடையில் அனுமதியின்றி ஏறி, வெளியேற்றப்பட்டார். அன்றிரவே ஓர் இரவு விடுதிக்குச் சென்றார். உள்ளே விட மறுத்தார்கள். வாசல் காவலருடன் தகராறு முற்றியது. கடுமையாகத் தாக்கப்பட்ட ஜாக்கோ நினைவிழந்தார். செப்டம்பர் 21ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். 36வது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதங்களுக்குச் சற்று அதிகமாகவே இருந்தது.

அராவும் தந்தியிலிருந்து மரத்தைக் காக்க வழி கண்டுபிடித்த மனிதர் அவர். அவரைக் காக்க அப்படி ஒரு வழியை நேரத்தோடு யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மேல் அன்பு வைத்திருந்த குடும்பத்தாரும் நண்பர்களும் முயலாமல் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் மனநோயைப் பற்றிப் பேசுவதே குறைவு. புரிந்துகொண்டவர்கள் அதைவிடக் குறைவு.

திருட்டுப்போன பேஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நியூயார்க்கில் கண்டெடுக்கப்பட்டது. மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் டிருஹியோ பண உதவி செய்ய, அது குடும்பத்தோடு மீண்டும் சேர்ந்தது. ஓக்லண்ட் பார்க்கில் இன்று ஜாக்கோவின் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அவருடைய மகன்களில் ஒருவரும் பேஸ் கலைஞராக இருக்கிறார்.

உங்கள் கையில் எந்த மரம்?

இப்போது மரத்தின் கேள்விக்கு வருவோம். மெட்டுள்ள பேஸ் வாங்குகிறீர்கள் என்றால் மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மேப்பிளின் வழுவழுப்பு பிடிக்கிறதா, ஈட்டியின் மரத்தன்மை பிடிக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்டு நேராக இருக்கிறதா, மெட்டுகளின் ஓரம் கையைக் கீறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

மெட்டில்லாத பேஸ் என்றால் பலகையின் கடினம் முக்கியம். கருங்காலி நல்லது. ஈட்டியாக இருந்தால் தட்டைக் கம்பி சுற்றிய தந்தியைப் போடுங்கள். உருண்டைக் கம்பிதான் வேண்டும் என்றால் பலகைக்கு எப்பாக்சி போன்ற பூச்சு தேவைப்படும். அதை இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈட்டி மரங்கள் அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால், அந்த இனம் முழுவதன் அனைத்துலக வணிகத்துக்கும் 2017ல் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019ல் விலக்கு அளித்தார்கள். ஆனாலும் பல நிறுவனங்கள் இதற்குள் பாவ் ஃபெரோ போன்ற மாற்று மரங்களுக்கு மாறிவிட்டன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டியும் அந்தப் பட்டியலில் உள்ளதுதான். மாற்று மரத்தில் செய்த பேஸைத் தரம் குறைந்தது என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஜாக்கோவின் முதல் தொகுப்பை ஒருமுறை முழுவதும் கேளுங்கள். நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் காணாமல் போய்விடும்.

உங்கள் குழுவில், வகுப்பில், விடுதியில் யாராவது பல நாள்களாகத் தூங்காமல் அளவுக்கு மீறிய வேகத்தோடு இருந்தால், அல்லது திடீரென்று எல்லாவற்றிலிருந்தும் விலகிப்போனால், அவன் குணம் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கூடவே போய்வாருங்கள். அந்த நண்பர் பெரிய திறமைசாலியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.